புவனா ரீச்சர் அணியில் ஆறாவது ஆள்

வேலை முடிந்து தொழிற்சாலை வாசலில் பஸ்ஸுக்காக நின்றபோதுதான் கைபேசியைத் திறந்தேன். உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். காலையில் வாசலில் கொடுத்தால் மாலையில்தான் கைக்கு வரும். எங்கள் அணியில் இருந்த சுகந்தி பல தடவை அழைத்திருந்தாள். திருப்பி அழைத்தேன்.

"ரீச்சர் மோசம் போயிட்டா. காலமை பள்ளிக்கூடத்திலை நெஞ்சு நோகுதெண்டு கதிரையிலை இருந்தவாவாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முதலே முடிஞ்சு போச்சு."

பஸ் வந்தது. ஏறி, இடம் கேட்டு வாங்கி இருந்து, முள்ளியவளையில் இறங்கும்வரை அழுகை வரவில்லை. களைப்பு மட்டும்தான் வந்தது.

இந்த நினைவு மலரை வாசிக்கிறவர்களில் பலர் தர்மபுரத்துப் புவனேஸ்வரி ரீச்சரைப் பாடசாலை விளையாட்டு ஆசிரியராக அறிவீர்கள். எங்கள் ஆறு பெண்களுக்கு அவர் கரப்பந்தாட்டப் பயிற்றுநர். எங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு கால் இல்லை. பொய்க்காலைக் கழற்றி வைத்துவிட்டு, நிலத்தில் இருந்தபடியே, தாழ்வாகக் கட்டிய வலைக்கு மேலால் பந்தை அடிக்கிற ஆட்டம் எங்களுடையது. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று ரீச்சரின் தம்பி வந்து கேட்டார். "நல்லதா எழுதித் தாங்கோ அக்கா," என்றார். நல்லதாக எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அதற்கு முதல், ரீச்சருக்கு நான் சொன்ன ஒரு பொய்யைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பொய்யால் எங்கள் அணியின் ரதிக்குப் பெரிய வாய்ப்பு ஒன்று போயிற்று. பழி ரீச்சரின் தலையில் விழுந்தது.

முதல் நாள் பயிற்சியில் ஒருவரும் பந்தைத் தொடவில்லை. பொதுநோக்கு மண்டபத்தில் கால்களைக் கழற்றிச் சுவரோடு சாத்தியதும், உனக்கு எப்படி, எனக்கு இப்படி என்று கதை தொடங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஆறு பேரும் அழுதோம். ரீச்சர் பந்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். போகும்போதுதான் வாய் திறந்தார். "நாளையிலை இருந்து மற்றவளின்ரை காலைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் கேக்கப்படாது. எப்பிடிப் போனது, நோகுதோ, புண்ணோ, ஒண்டும். சொல்ல இருந்தால் என்னட்டைத் தனியச் சொல்லுங்கோ." அன்றிலிருந்து அதுவே எங்கள் சட்டம். கோயிலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரிக் காலைக் கழற்றி வைத்துவிட்டு விளையாடப் போனோம்.

அவருக்கு இரண்டு காலும் இருந்தன. ஆனாலும் பயிற்சி நேரத்தில் எங்களுக்கு முன்னால் அவர் நின்று நான் கண்டதில்லை. கால்களை மடக்கி நிலத்தில் இருந்து, எங்களைப் போலவே கையை ஊன்றி அரக்கி அரக்கித்தான் சொல்லித் தந்தார். "நிண்டுகொண்டு சொன்னால் என்ரை முகத்தைப் பாப்பியள். பந்தைப் பாக்க மாட்டியள்." கிழமைக்கு இரண்டு நாள் அந்தச் சீமெந்துத் தரையில் தேய்ந்து அவருடைய உடுப்புகள் எல்லாம் பின்பக்கம் வெளுத்துப் போயிருந்தன. வீட்டுக்குப் போகும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழும்புவார். சிரித்த முகக்காரி என்று அவரைச் சொன்னால் அது பொய். பள்ளிக்கூடம், பஸ், நாங்கள் என்று அவர் எப்போதும் களைத்துப் போயிருந்தார். போட்டிகளில் விருந்தினர்கள் எங்களைச் சாதனைப் பெண்கள் என்று நீட்டி முழக்கும்போது கொட்டாவியை மறைத்துக்கொண்டு, "இவர் பேச்சை முடிச்சு இருந்தால்தான் பந்து பறக்கும்," என்று எங்கள் காதுக்குள் சொல்வார்.

எங்களில் நல்ல ஆட்டக்காரி ரதி. ஜெயபுரத்திலிருந்து இரண்டு பஸ் ஏறி வருவாள். கொழும்பில் ஒரு போட்டி வந்தது. அங்கே வைத்து நாட்டின் அணிக்கு ஆள் தெரிவு செய்வார்கள். ரதி எடுபடுவாள் என்பதில் ரீச்சருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எங்கள் பெயர்கள் இரண்டு கிழமைக்கு முதலே போய்விட்டன. அந்தத் தாளில் கடைசியாகக் கையெழுத்து வைத்தவள் நான். ரீச்சர் அதை அன்றே தபாலில் போட்டதைக் கண்டவளும் நான் மட்டும்தான். ஆறு பேர் இல்லாமல் களத்தில் இறங்க முடியாது. ஏழாவது ஆள் எங்களிடம் இல்லை.

புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது ரீச்சருக்கு அழைத்து, பொய்க்கால் வெட்டிப் புண் வந்துவிட்டது, வர ஏலாது என்றேன். புண் எதுவும் இருக்கவில்லை. மாதக் கணக்காகத் தொழிற்சாலையில் கூடுதல் நேரம் வேலை. பஸ்ஸில் அவ்வளவு தூரம் போய், ஆட்களுக்கு முன்னால் காலைக் கழற்றி, பேச்சுகளுக்குத் தலையாட்டி, திரும்பி வந்து அடுத்த நாளே தையல் மெசினில் இருப்பதை நினைத்தாலே உடம்பு மறுத்தது. களைப்பு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. எங்களைப் போன்றவர்கள் புண் என்றால் எவரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ரீச்சர் மட்டும் வந்தார். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, மருந்துக் குழாயும் பொய்க்காலுக்குள் போடும் பஞ்சு உறையும் கொண்டு படலையடியில் நின்றார். அவரைக் கண்டதும் உள்ளே ஓடிக் காலைக் கழற்றி, துணி ஒன்றைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் இருந்தேன். அப்போதுதான் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்திருந்தேன். சுவரோடு சாத்திய பொய்க்காலின் சப்பாத்தில் சேறு காயவில்லை. ரீச்சர் அதைப் பார்த்தார். தேநீரை அவசரப்படாமல் குடித்தார்.

"களைச்சுப் போனீரோ, வசந்தி?"

"இல்லை ரீச்சர். புண்தான்."

"சரி. ஆறட்டும்," என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அணி கொழும்புக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு ரதி பயிற்சிக்கு வரவில்லை. அவளுடைய இடத்தில் ரீச்சரே இருந்து ஆடினார். மற்ற நால்வரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலைப் பற்றிக் கேட்கக் கூடாது என்ற சட்டத்தைக் காக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டேன். ரதி என்னோடு கோபம் என்று நினைத்து, அவளைத் தேடிப் போகவும் பயந்தேன். அடுத்த தெரிவு நடந்தபோது அவளுக்குக் கைக்குழந்தை.

நான்கு வருடம் கழித்து, ரீச்சரின் செத்த வீட்டில்தான் அவளைக் கண்டேன். உள்ளே வராமல் வாசலில் நின்றாள். "வாவன்," என்று கையைப் பிடித்தேன்.

"எந்த முகத்தோடை வாறது? நாலு வருசம் நான் அவாவோடை கதைக்கேல்லை. ரண்டு தரம் வீட்டை வந்தவா. நான் வெளியிலை வரேல்லை."

"ஏன்?"

"உனக்குத் தெரியாதே? 'பேர் அனுப்ப நான் பிந்திப் போனன், என்ரை பிழை' எண்டு அவா தானே எங்களுக்குச் சொன்னவா."

என்னுடைய புண்ணைப் பற்றி ரீச்சர் ஒருவருக்கும் சொல்லவே இல்லை. அந்த இடத்திலேயே ரதிக்கு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். உள்ளே பெட்டியை மூட ஆயத்தம் நடந்தது. அதைச் சாட்டாக வைத்துக்கொண்டு அங்கும் நழுவிவிட்டேன்.

போன ஞாயிறு ஜெயபுரம் போனேன். ரதி முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் நெல்லைக் கிளறுவதை நிறுத்தவில்லை.

"உனக்குப் புண்ணே இருக்கேல்லையோ?"

"இல்லை."

"களைப்போ?"

"ஓம்."

"எனக்கும்தான் களைப்பு. எண்டாலும் நான் உடுப்பெல்லாம் அடுக்கி வைச்சிருந்தனான்."

என்னோடு கோபிப்பதென்றால் கோபி என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "உன்னோடை பிறகு கோவிக்கலாம். நீ இருக்கிறாய். ரீச்சரோடை நான் இனி எப்பிடிக் கதைக்கிறது?"

திரும்பி வந்த பஸ்ஸில்தான் ரீச்சருக்காக அழுதேன்.

தம்பி, நீங்கள் கேட்ட நல்ல பக்கம் இதுவல்ல என்று தெரியும். ஆனாலும் இதையே போடுங்கள். அணியின் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ரீச்சர் பெயர்களை நேரத்துக்கு அனுப்பினார். வராமல் விட்டது நான். அந்தப் பழியை அவர் சாகும்வரை தன்னுடையதாக வைத்திருந்தார். அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது அதைத்தான்.