சிரிக்கும்வரை கைதட்டவும்

நத்தைகள்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. ஆனால் ஒரு படப்புத்தகத்தில் ஒரு நத்தையைச் சுற்றி நின்று கைதட்டும் தவளையையும் அணிலையும் நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை நான். எங்கள் பிரின்சிபால் ஏதோ பயிற்சிக் கூட்டத்துக்குப் போய்வந்த கையோடு ஒரு பெட்டி நிறையப் படப்புத்தகங்கள் வாங்கினார். எல்லாமே உற்சாகமாக இருப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்பவை. சிரிக்கிற மேகம், சிரிக்கிற பஸ், சிரிக்கிற கத்தரிக்காய். கத்தரிக்காய்க்கு எதற்குச் சிரிப்பு வந்தது என்று புத்தகத்தில் இல்லை. தினமும் முதல் பீரியடில் ஒன்றை எடுத்து, படத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்து, இங்கிலீஷில் வாசித்து, பிறகு கன்னடத்தில் சொல்ல வேண்டும்.

அதில் ஒன்றுதான் நத்தைக் கதை. ஒரு நாள் நத்தைக்கு மனசு சரியில்லை. ஓட்டுக்குள் போய்விடுகிறது. ஏன் சரியில்லை என்று யாரும் கேட்பதில்லை. தவளை வருகிறது, அணில் வருகிறது, வாத்து வருகிறது, சுற்றி நின்று கைதட்டுகிறார்கள். நத்தை வரவில்லை. இன்னும் பலமாகத் தட்டுகிறார்கள். கடைசியில் அது தலையை நீட்டிச் சிரிக்கிறது. கடைசிப் பக்கத்தில் சூரியன் உட்பட எல்லோருக்கும் பல் தெரிகிறது. பின்னட்டையில் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு: வகுப்பில் யாராவது வாடியிருந்தால் இதேபோல் சுற்றி நின்று, அவர் சிரிக்கும்வரை கைதட்டவும். நடுவில் நிறுத்த வேண்டாம்.

பிரின்சிபாலுக்கு இது ரொம்பப் பிடித்துப்போய், எல்லா வகுப்பிலும் செய்யச் சொல்லிவிட்டார். என்னைப்போல் அவரும் தமிழர்தான். தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்காக வந்த குடும்பம், பேச்சில் பாதி கன்னடம். அழுகிற பிள்ளையைச் சுற்றி மற்றவர்கள் "நகு, நகு" என்று கன்னடத்தில் பாட்டாகவே பாட ஆரம்பித்தார்கள். சிரி, சிரி என்று. பிரின்சிபால் ரவுண்டு வரும்போது நானும் தட்ட விடுவேன். மற்ற நேரங்களில் அழுகிற பிள்ளையை என் மேஜையோரம் உட்காரவைத்து, கையில் ஒரு கிரேயானைக் கொடுத்துவிடுவேன். அழுகை மூக்கு ஒழுகுவதைப்போலத்தான். ஒழுகி முடித்தால் தானே நிற்கும்.

சென்ற வருடம் என் கணவர் போய்விட்டார். தேவராஜ மொஹல்லாவில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தார். காலையில் ஷட்டரைத் தூக்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான். தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் அவர் ஊரான ஹனூரில்தான் காரியங்கள் எல்லாம் நடந்தன. வீடு நிறைய ஆட்கள், மாறி மாறி அழுதார்கள். பி.யூ.சி. இரண்டாம் வருடம், அதாவது பிளஸ் டூ, படித்துக்கொண்டிருந்த என் மகள் மட்டும் அழவில்லை. கல்லு மாதிரி இருக்கிறாள் என்று ஒரு சித்தி என் காதுபடவே சொன்னாள்.

காரியங்கள் முடிந்து மைசூருக்குத் திரும்பிய அன்று சாயங்காலம் நான் சமையலறையில் இருந்தேன். மகள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். "அம்மா, இப்போ அழலாமா?" என்று கேட்டாள். பதினேழு வயதுப் பெண் என்னிடம் அனுமதி கேட்கிறாள். "அழு கண்ணு" என்றேன். என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் அழுத அழுகையில் என் புடவை நனைந்துபோயிற்று. நானும் அழுதேன். அப்புறம் இருவரும் முகம் கழுவிக்கொண்டு தோசை தின்றோம். அதற்குப் பிறகு சாயங்காலமானால் அது எங்கள் நேரமாகிவிட்டது. அவள் காலேஜிலிருந்து வருவாள், கதவைச் சாத்துவாள், அப்பாவைப் பற்றி ஏதாவது பேச ஆரம்பிப்பாள், பாதியில் இருவருக்கும் குரல் உடையும். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நாட்களில் என்னை நிற்க வைத்தது அந்த ஒன்றுதான். எங்களுக்கு ஆறுதல் சொல்ல வந்த யாராலும் அதைக் கொடுக்க முடியவில்லை.

லீவு முடிந்து பள்ளிக்குப் போனேன். வகுப்புக்குள் காலை வைத்ததுமே பிள்ளைகள் எழுந்து ஓடிவந்து என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சிறுமிதான் தலைவி. "மிஸ் பேஜாராகித்தாரே" என்று அறிவித்தாள். மிஸ் வருத்தமாக இருக்கிறாராம். அவ்வளவுதான், தட்ட ஆரம்பித்தார்கள். நகு, நகு, நகு.

நான் போதும் என்று கையைக் காட்டினேன். நிறுத்தவில்லை. எப்படி நிறுத்துவார்கள்? நடுவில் நிறுத்தக் கூடாது என்றுதானே புத்தகம் சொல்கிறது. உள்ளங்கைகள் சிவந்துவிட்டன. பின்னால் நின்ற ஒருத்திக்கு, மிஸ் சிரிக்கவே மாட்டாரோ என்ற பயத்தில் உதடு பிதுங்கியது. இவள் அழுதால் மொத்த வகுப்பும் இவள் பக்கம் திரும்பிவிடும். ஆளை விட்டால் போதும் என்று நான் சிரித்தேன். பல் தெரியச் சிரித்தேன். பிள்ளைகள் ஹோவென்று கத்திக்கொண்டு என்மேல் விழுந்தார்கள். அந்தச் சின்னக் கைகள் பட்டதும் நான் உடைந்துபோனேன். தரையில் உட்கார்ந்து அழுதேன்.

வாசலில் பிரின்சிபால் போனைப் பிடித்துக்கொண்டு நின்றதை அப்புறம்தான் பார்த்தேன்.

மத்தியானத்துக்குள் வீடியோ பெற்றோர் குரூப்புக்கும் பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்துக்கும் போய்விட்டது. பின்னணியில் ஒரு சங்கீதம் வேறு. நான் சிரிப்பதோடு முடிகிறது. உட்கார்ந்து அழுததை வெட்டிவிட்டார்கள்.

பிரின்சிபால் அறைக்குப் போனேன். "அதை எடுத்துடுங்க மேடம்" என்றேன்.

"ஏன்ரீ? எவ்ளோ சென்னாகி, எவ்ளோ நல்லா வந்திருக்கு! பேரன்ட்ஸ் எல்லாம் பார்த்து அழுதுட்டோம்னு மெசேஜ் போடறாங்க."

பார்க்கிறவர்கள் எல்லாம் அழலாம். நான்தான் சிரிக்க வேண்டும்.

"எங்க வீட்ல பார்த்தா தப்பா நெனைப்பாங்க மேடம். என் பொண்ணு பார்ப்பா."

"பார்க்கட்டுமே, அவளுக்கும் ஒரு தைரியம் வரும். அட்மிஷன் நேரம் வேறே. குரூப்புக்குப் போனது போனதுதான்ரீ, யார் யாருக்கு அனுப்பிட்டாங்களோ." நல்ல மனசோடுதான் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போதே ஹனூரிலிருந்து மாமியாரின் போன். அங்கே யாரோ காட்டியிருக்கிறார்கள். "பாத்தேன் அம்முணி. செரி, நீயாச்சும் தேறிட்டயே. எனக்குத்தான் சோறு எறங்க மாட்டீங்குது."

"அத்தை, அது அப்படி இல்லீங்க..."

"நான் ஒண்ணுஞ் சொல்லுல அம்முணி. சின்ன வயசு உனக்கு, எத்தனை நாளைக்கு அழுதுட்டிருப்ப." போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கத்தி முடித்து இருவரும் அழுதிருப்போம்.

அன்று மகள் தாமதமாக வந்தாள். நேரே முன்னறைக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்தாள். நான் சமையலறையில் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வீடியோ பார்த்தியா?"

"ஃப்ரெண்ட்ஸ் காட்டினாங்க. நல்லா இருந்துச்சும்மா."

நடந்ததையெல்லாம் சொன்னேன். பிள்ளைகள் நிறுத்தாததை, பயந்து சிரித்ததை, தரையில் உட்கார்ந்து அழுததை, அதை வெட்டிவிட்டதை. முகத்தையே பார்த்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள்.

"சரிம்மா. நீ சிரிச்சதுல என்ன தப்பு? நான்தான் டெய்லி உன்னை அழ வெச்சிட்டிருந்தேன். இன்னிமே மாட்டேன்."

"நீ அழ வைக்கலைடி. எனக்கு அது வேணும்."

"நான் சென்னாகிதான் இருக்கேன்மா" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் வகுப்பில் ஒரு வருடமாக நான் பார்த்துவந்த சிரிப்பு அது. கண் ஒரு பக்கம், பல் ஒரு பக்கம்.

இப்போது நான் வேறு பள்ளியில் வேலை பார்க்கிறேன். வீடியோ இன்னும் அங்கேயே இருக்கிறது, யாராவது புதிதாகப் பார்த்துவிட்டு என்னைப் பாராட்டுகிறார்கள். மகள் என் முன்னால் அதன் பிறகு அழவே இல்லை. காலேஜிலிருந்து வந்ததும் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறாள். வெகுநேரம் தண்ணீர் ஓடுகிறது. நான் வெளியே நிற்கிறேன். கதவைத் தட்டுவதில்லை. தட்டினால் சிரித்துக்கொண்டு வெளியே வருவாள்.