சாமி அறையில் படுத்திருக்கும் பாட்டில்

என் மகள் செய்த முதல் ஒயினை நான் வேண்டுமென்றே கெடுத்தேன். தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. சித்தூர்க் கல்லூரியில் ஓய்வு பெறும்வரை வேதியியல் நடத்தியவன் நான். வெயில் ஒரு பாட்டிலை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

அவளுக்கு அந்தப் பாடத்தில் ஆசை உண்டாக்கியவனும் நான்தான். படித்து முடித்து, நந்தி மலைப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் ஒயின் தயாரிக்கும் வேலைக்கு அவள் போனபோது எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதைவிடப் பயம் என்றே சொல்லலாம். என் மனைவியின் அண்ணன் திருப்பதியில் இருக்கிறார். மாதம் தவறாமல் மலையேறிப் பெருமாளைப் பார்ப்பவர். அவர் வீட்டுக் கல்யாணத்தில் யாரோ என் மகளுக்கு என்ன வேலை என்று கேட்டபோது, பெங்களூரில் ஜூஸ் கம்பெனி என்றேன். பக்கத்தில் நின்று அதைக் கேட்ட அவள், என்னை ஒரு முறை பார்த்துவிட்டுப் பந்திப் பக்கம் நடந்தாள்.

அதற்குப் பிறகும் அவள் அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அவள் பொறுப்பில் விட்ட சிறு துண்டு நிலத்தின் பழத்தில், தானே நின்று செய்த சிவப்பு ஒயின். தனக்கென்று சில பாட்டில்களே எடுத்து வைத்திருந்தாள். இப்போது குடித்தால் நாவற்பழம் போல நாக்கைப் பிடிக்கும் என்றாள். தோலிலும் விதையிலும் இருந்து வரும் அந்தத் துவர்ப்பும், பழத்தின் புளிப்பும்தான் ஒயினை வருடக்கணக்கில் தாங்கி நிற்கின்றன. அவை குறைந்த ஒயினைச் சீக்கிரம் குடித்துவிட வேண்டியதுதான். நாளாக நாளாகத் துவர்ப்பு மெல்ல இளகும். கருஞ்சிவப்பு செங்கல் நிறத்துக்கு வரும். பழவாசனை அடங்கி, காய்ந்த அத்தியும் ஈரமண்ணும் போல ஒரு வாசனை எழும். அதற்கு இருட்டு வேண்டும், குளிர்ச்சி வேண்டும், கார்க் காயாதபடி படுக்கவைக்க வேண்டும்.

"மூணு வருஷம் போவட்டும் நைனா. நாம ரெண்டு பேரும் தொறந்து பாக்கலாம். அப்ப தெரியும், இது எவ்ளோ தூரம் தாங்கும்னு."

பீரோவின் அடித்தட்டில் படுக்கவைத்தேன். புரட்டாசி வந்தது. எங்கள் வீட்டில் முட்டைகூட நுழையாத மாதம். மைத்துனர் வேறு வருவதாகச் சொல்லியிருந்தார். பாட்டிலை எடுத்துக்கொண்டுபோய், கொல்லைக் குளியலறையில் சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே இருந்த பரணில், பினாயில் பாட்டில்களோடு நிற்கவைத்தேன். மாதம் முடிந்தது. நான் எடுக்கவில்லை. மறந்துவிடவில்லை, குளிக்கப் போகும்போதெல்லாம் பார்த்தேன். கத்தரி வெயிலில் அந்த ஷீட்டைத் தொட முடியாது. கெட்டுப்போகட்டும், இந்தப் பேச்சே முடியட்டும் என்று இருந்தேன்.

மூன்று வருடம் கழித்து, சொன்னபடி அவள் வந்தாள். அதற்கு முந்தின நாள் பாட்டிலைத் துடைத்து பீரோவில் திரும்பப் படுக்கவைத்திருந்தேன். கார்க் வெளியே தள்ளியிருந்ததை விரலால் தடவிப் பார்த்தாள். திறந்து ஊற்றி முகர்ந்தாள். வேகவைத்த உலர்திராட்சையும் காடியும் கலந்த நாற்றம் எனக்கே வந்தது.

"எங்க வெச்சிருந்த?"

"பீரோலதான்."

"பீரோல வெச்சா இப்டி வேவாது நைனா."

தொட்டியில் கொட்டினாள். இரண்டு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்தாள். சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். அதன்பின் அவள் போன் வந்தால் அம்மாவோடு மட்டும்தான் பேச்சு.

வாய்வார்த்தையில் மன்னிப்பு கேட்பது எனக்கு அற்பமாகப் பட்டது. ஒரு தெர்மாமீட்டரை வாங்கி வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் மாட்டிப் பார்த்தேன். ஜன்னல் இல்லாமல், நாலு பக்கமும் அறைகள் சூழ்ந்து, கடப்பைக்கல் தட்டோடு இருந்த சாமி அறைதான் வீட்டிலேயே குளிர்ச்சி. அதுவும் போதாது. ஒரு மண்பானையைத் தட்டுக்கடியில் சாய்த்து வைத்து, உள்ளே மணல் பரப்பி, தினமும் ஈரமாக்கி, கோடை முழுக்கச் சோதித்தேன். பிறகு பஸ் ஏறித் தோட்டத்துக்கே போனேன். பரண், பினாயில், மைத்துனர் பயம், பொய் எல்லாவற்றையும் சொன்னேன். இன்னொரு பாட்டில் கொடு, சாமி அறையில் வைக்கிறேன் என்றேன்.

"அம்மா உன்ன வெளிய தள்ளிடுவாங்க," என்றாள். சிரிக்கவில்லை. ஆனால் கொடுத்தாள்.

என் மனைவி பானையைக் குனிந்து பார்த்தாள். "படுத்துக்கினுதான கீது. அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்று சொல்லி, சூடு படாமலிருக்க விளக்கை மேல்தட்டுக்கு மாற்றினாள்.

மைத்துனர் மலையிலிருந்து லட்டோடு வந்தார். சாமி அறையில் வைக்கப் போனவர் பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மாப்ள இது, சாமி ரூம்ல சரக்கு?"

"ஒயின். என் பொண்ணு செஞ்சது. அவ ஜூஸ் கம்பெனில இல்ல மச்சான், அன்னிக்கு நான் சொன்னது பொய்."

அதை எடுத்தால்தான் இந்த வீட்டில் கை நனைப்பேன் என்றார். எடுக்க மாட்டேன் என்றேன். லட்டை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போனார். இன்றுவரை வரவில்லை. உறவுக்காரர்கள் எனக்கு வயதாகி புத்தி பிசகிவிட்டது என்கிறார்கள். சொல்லட்டும். பெருமாளுக்கு ஆட்சேபம் இருந்தால் அவர் சொல்லட்டும். அவர் பெயரில் மற்றவர்கள் சொல்வதை நிறையக் கேட்டாயிற்று. நான் தப்பு செய்தது ஒருத்திக்கு. அவளைத் தவிர வேறு யாரிடமும் தலைகுனிய மாட்டேன்.

பொங்கலுக்கு அவள் வந்தாள். டார்ச் அடித்துப் பாட்டிலின் கழுத்தைப் பார்த்தாள். ஈரத்தில் லேபிள் பூசணம் பிடித்திருந்தது. நான் பதறினேன்.

"லேபிள் போனா போவட்டும். கார்க் நல்லாருக்குது," என்றாள். இந்தப் பாட்டிலோடு சேர்த்துச் செய்த வேறொன்றைத் தோட்டத்தில் திறந்து பார்த்தார்களாம். துவர்ப்பு இன்னும் முரட்டுத்தனமாகவே இருக்கிறதாம். இன்னும் எட்டு வருடமாவது ஆகுமாம்.

அப்போது எனக்கு எண்பத்து நாலு நடக்கும் என்றேன்.

"அதுக்கு இன்னா? மணல காயவுடாத," என்று சொல்லி, பையிலிருந்து இன்னொரு பாட்டிலை எடுத்து அதன் பக்கத்தில் படுக்கவைத்தாள்.

காலையில் எழுந்ததும் சர்க்கரை மாத்திரைக்கு முன்னால் பானைக்குத்தான் தண்ணீர் தெளிக்கிறேன்.