சந்தனம் வைத்த சத்தப் பொத்தான்

அப்பாவின் காதை மில் தின்றுவிட்டது. முப்பது வருஷம் மெஷின் இரைச்சலில் நின்ற மனிதர் ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தபோது, நாங்கள் பேசுவதில் பாதி அவருக்குப் போய்ச் சேரவில்லை. காதில் மாட்டும் கருவி வாங்கிக் கொடுத்தோம். விசில் அடிக்கிறது என்று கழற்றி பீரோவில் போட்டவர் போட்டவர்தான். வெளிநாட்டிலிருந்து அக்கா போன் செய்தால் ரிசீவரை வாங்கி, "சரி ஆத்தா, சரி ஆத்தா" என்று நாலு தடவை சொல்லிவிட்டு என்னிடம் நீட்டிவிடுவார். ஒன்றுமே கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். அங்கே பிறந்த அக்கா மகளுக்கு மூன்று வயதாகியும், அவள் குரல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அதைப் பற்றி ஒரு நாளும் அவர் வாய் திறந்ததில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், காளவாசல் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்தது. கம்ப்யூட்டரோடு கடைக்காரர் கொடுத்த கீபோர்டில், எழுத்துகளுக்கு மேலே வெள்ளி நிறத்தில் ஒரு வரிசைப் பொத்தான்கள் தனியாக இருந்தன. பாட்டை நிறுத்த ஒன்று, சத்தத்தைக் கூட்ட ஒன்று, குறைக்க ஒன்று. நான் கணக்கு டீச்சர். எதற்கும் சட்டென்று வாய் பிளக்கிற ஆள் இல்லை. ஆனால் இன்டர்நெட்டில் ஒரு பக்கத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருக்க, மவுஸைத் தொடாமல் அந்தப் பொத்தானை அழுத்தியதும் ஸ்பீக்கரில் சத்தம் படிப்படியாக ஏறியதைக் கேட்டு அசந்துபோனேன். எங்கேயோ கிடக்கும் பாட்டு என் விரல் சொன்னதைக் கேட்கிறதே என்று இருந்தது. ஒரு வாரம் வேலை மெனக்கெட்டு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா, மகளைப் பேசவைத்துப் பதிவு செய்து, ஒரு இணையப் பக்கத்தில் போட்டு மெயில் அனுப்பினாள். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. அப்பாவைக் கூட்டிவந்து ஸ்பீக்கருக்கு முன்னால் உட்காரவைத்து, "பிள்ளை பேசப் போகுதுப்பா" என்று காதருகே கத்தினேன். யாரோ வீட்டுக்கு வருகிற மாதிரி அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

பக்கம் திறந்தது, பதிவும் ஓடியது. சத்தம்தான் இல்லை. பக்கத்துக்குள்ளேயே இருந்த, சத்தத்தைக் கூட்டும் பட்டையை மவுஸால் கடைசிவரை இழுத்தேன். அது அங்கேயே நின்றது. திரையின் கீழ் மூலையிலிருந்த ஸ்பீக்கர் படத்தைத் தட்டி அதிலும் ஏற்றினேன். கையை எடுத்ததும் அது தானாக இறங்கியது. மறுபடி ஏற்றினேன். மறுபடி படிப்படியாக இறங்கி அடியில் போய் உட்கார்ந்தது. கண்ணுக்குத் தெரியாத யாரோ எதிர்ப்பக்கமிருந்து இழுக்கிற மாதிரி இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அடுத்த நிமிஷமே கோபம் வந்து, கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, என்னத்தக் குடுத்தீங்க? சத்தம் தானா எறங்குது."

அவர் நிதானமாகக் கேட்டார். "நேத்து கம்ப்யூட்டருக்குப் பூஜை போட்டீங்களா? கீபோர்டுல சந்தனம் வச்சிருப்பீங்களே?"

"வச்சோம்."

"அதேன். காலையிலருந்து நீங்க அஞ்சாவது ஆளு."

பொட்டு வைத்தது அப்பா. மில்லில் வருஷா வருஷம் தன் மெஷினில் ஒரு குமிழ் விடாமல் வைத்துப் பழகியவர், இங்கேயும் வெள்ளிப் பொத்தான்களில் ஒன்று விடாமல் வைத்திருந்தார். அம்புட்டும் தாராளமான பொட்டு. சத்தத்தைக் குறைக்கும் பொத்தானின் ஓரத்தில் வழிந்து காய்ந்த சந்தனம், அதை அமுக்கியபடியே பிடித்து வைத்திருந்தது. காலையிலிருந்து கண் முன்னால் இருந்தும் எனக்கு அது பூஜையாகத் தெரிந்ததே தவிர, கோளாறாகத் தெரியவில்லை.

அப்பா என் முகத்தையும் கீபோர்டையும் மாறி மாறிப் பார்த்தார். "நா வச்சதுனாலயா?"

இல்லை என்று தலையாட்டினேன். ஹேர்பின்னால் சந்தனத்தைச் சுரண்டி, ஈரத் துணியால் துடைத்தேன். 'டிக்' என்று பொத்தான் மேலே வந்தது. பதிவை முதலிலிருந்து ஓடவிட்டு, கூட்டும் பொத்தானில் விரலை வைத்தேன். ஒவ்வொரு படியாக ஏறி, அறை முழுக்க அந்தப் பிஞ்சுக் குரல் நிறைந்தது.

"தாத்தா, நீங்க எப்ப வாரீங்க? எங்க வீட்டு மரத்துல அணில் இருக்கு."

அப்பா அசையவில்லை. கேட்கவில்லையோ என்று பயந்து, கடைசிப் படிவரை ஏற்றினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வீட்டம்மா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். கடல் தாண்டி இருக்கும் குழந்தை எங்கள் வீட்டுக்குள், அத்தனை பெரிய குரலில் பேசிக்கொண்டிருந்தாள். அந்த வியப்பு எனக்கு இன்றும் அடங்கவில்லை.

அப்பா கை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது.

"கத்த வேணாம்னு சொல்லு ஆத்தா. எனக்காகப் பிள்ளை தொண்டையக் கெடுத்துக்கப் போகுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு படி குறைத்தேன்.