இந்தா சாமி

ஒரு உளுந்து வடைக்காக என் கணவர் சேலம் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றார். வடை அவருக்கு அல்ல, அவருடைய வழிகாட்டி நாய்க்கு.

நான் கடைவீதியில் மருந்துக்கடை வாசலில் மகளைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தேன். பள்ளி முடிந்து அவர் வருவது தெரிந்தது. அவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஏற்காட்டில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறார். நாயின் உடலில் மாட்டிய தோல்பட்டையிலிருந்து எழும்பி நிற்கும் கைப்பிடியை இடது கையால் பிடித்தபடி, வழக்கம்போல் சாலையோரமாக நேரே வந்துகொண்டிருந்தார். எதிர்ச்சாரியில் இருந்து வடைக்கடை அக்கா, "இந்தா சாமி" என்றார்.

அவ்வளவுதான். நாய் சாலையைக் குறுக்கே வெட்டியது. கைப்பிடியை விடாத என் கணவர் அதன் பின்னால் இழுபட்டார். மலையேறி வந்த பஸ் கிறீச்சிட்டு நின்றது. கத்துவதற்காக ஜன்னல் வழியே தலையை நீட்டிய டிரைவர், நாயின் பட்டையையும் அவருடைய முகத்தையும் பார்த்து வாயை மூடிக்கொண்டார். நாய் வடையை விழுங்கிவிட்டு, அவரைப் பத்திரமாக ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்தி, வேலையை ஒழுங்காக முடித்துவிட்ட முகத்தோடு வாலை ஆட்டியது.

நான் ஓடிப்போய் அக்காவிடம் கேட்டேன். கோபமாகத்தான் கேட்க நினைத்தேன். அழுகையாக வந்தது.

"ஏனுங்க அம்மிணி, அழுவறீங்க? நீங்க சர்ச்சுக்குப் போறவீங்க, தெரியாது. இன்னிக்குத் தேய்பிறை அஷ்டமிங்க. பைரவருக்குப் போடோணும். தெருவுல திரியற பைரவருக்கே போடறோம், கண்ணு தெரியாதவருக்குக் கண்ணாட்டம் வர்ற சாமிக்குப் போட்டா தப்புங்களா?"

தப்பு என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படி விடுவது? விசாரித்தபோது தெரிந்தது, அஷ்டமி என்றில்லை, எல்லா நாளும் கொடுத்திருக்கிறார்கள். பழக்கடையில் வாழைப்பழம், டீக்கடையில் பன். எங்கள் சர்ச் ஆட்களும் பைரவர் என்று சொல்லாமல் கேக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்த அத்தனை பேரும் சொன்னது ஒரே வார்த்தை. இந்தா சாமி.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி வீட்டில் காத்திருந்தது.

"உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டேன்.

"கைப்பிடி சொல்லாதா? அந்தக் கடைகிட்ட வந்தாலே பட்டை ஒருபக்கமாச் சாயும்."

"அப்பறம் ஏனுங்க எங்கிட்டச் சொல்லலே?"

"சொன்னா, பாப்பாவ எங்கூட உடுவியா?"

ஜூனில் மகளை அவருடைய பள்ளியிலேயே எல்.கே.ஜி. சேர்ப்பதாக இருந்தோம். எனக்கு வேலை கரடியூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீசில். காலை பஸ்ஸை விட்டால் போக முடியாது. ஆகவே அவளைத் தினமும் அவரே நடத்திக் கூட்டிப்போவது என்று பேசி வைத்திருந்தோம். அவள் பிறந்ததிலிருந்து அவர் தனக்கென்று கேட்ட ஒரே காரியம் அது. சரி என்று நான் சொன்னது சரிதானா என்று அதுவரை பலமுறை யோசித்திருந்தேன். பஸ்ஸைப் பார்த்த பிறகு யோசிக்கவே பயமாக இருந்தது.

நாயைப் பழக்கிக் கொடுத்த பயிற்சியாளர் அம்மாவுக்குப் போன் செய்தோம். பட்டை போட்டிருக்கும்போது என் கணவரின் கையைத் தவிர வேறு எங்கிருந்தும் ஒரு பருக்கைகூட அதற்குக் கிடைக்கக் கூடாது என்றார். மாறாவிட்டால் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டிவரும் என்றும் சொன்னார்.

"நாய் கெட்டுப்போகலைங்க. உங்க ஊர் அதுக்கு இன்னொரு வேலை கத்துக்கொடுத்திருக்கு. எந்த வார்த்தைக்குத் திரும்புதோ, அதை வச்சே மறக்கடிங்க."

முறை எளிது. நான் எதிரே நின்று உணவை நீட்டி அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். அது திரும்பினால் அவர் "விடு" என்று சொல்லி நிற்பார். திரும்பாமல் நடந்தால் தன் பையிலிருந்து அவரே தின்பண்டம் கொடுப்பார். வீட்டுக்குப் பின்னால் காப்பித் தோட்டத்துக்கு நடுவே போகும் பாதையில் தொடங்கினோம். நான் வடையை நீட்டி, "இந்தா சாமி" என்பேன். சொல்லும்போதெல்லாம் பழக்கத்தை மாற்றுகிறேனா, இன்னும் கெடுக்கிறேனா என்று சந்தேகம் வரும். முதலில் நாய் முழுதாகத் திரும்பியது. பிறகு தலை மட்டும். பிறகு ஒரு காது மட்டும். மகள் வேலியோரம் உட்கார்ந்து இதைப் பார்த்துச் சிரிப்பாள். மீந்த வடை அவளுக்கு.

வடைக்கடை அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன்.

"சாமிக்கு விரதமுங்களா?" என்றார்.

"ஆமாங்கக்கா."

"எத்தன நாளைக்கு?"

"ஆயுசுக்கும். இவரு வேலைக்குப் போற பைரவருங்க. வேலை வெட்டி இல்லாத பைரவருங்க நெறையா திரியறாங்களே, அவிங்களுக்குப் போடுங்க."

அக்கா சிரித்துவிட்டார். அதன்பின் அவர் போடவில்லை. கடைவீதிக்கும் அவரே சொல்லிவிட்டார்.

மே மாதக் கடைசியில் கடைவீதியிலேயே சோதித்துப் பார்க்கலாம் என்றார் என் கணவர். சுற்றுலாக் கூட்டம் எழுவதற்கு முந்திய காலை வேளை. இடதுபுறம் நாய், வலதுபுறம் அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டு மகள். பள்ளிக்குப் போவதுபோலவே வந்தார்கள். நான் எதிர்ச்சாரியில், வடைக்கடை வாசலில், கையில் சூடான வடையோடு நின்றேன். நேர் எதிரே வந்ததும் சொன்னேன்.

"இந்தா சாமி."

நாயின் காதுகூட அசையவில்லை. அக்கா என் தோளில் தட்டினார்.

அப்போது மகள் அப்பாவின் விரலை விட்டுவிட்டு, வாயை ஆவென்று திறந்தபடி, சாலையின் குறுக்கே என்னை நோக்கி ஓடிவந்தாள்.

வளைவிலிருந்து ஒரு ஜீப் வந்தது. நான் ஓடினேன். நடுச்சாலையில் அவளை அள்ளியபோது ஜீப்பின் சூடு என் புடவையில் பட்டது. அந்த டிரைவர் வாயை மூடிக்கொள்ளவில்லை.

"ஏம்மா, புள்ளயக் கூப்புடற லட்சணமா இது?"

எதிர்ப்பக்கம் என் கணவர் வெறும் விரலை நீட்டியபடி, "பாப்பா! பாப்பா எங்க?" என்று கத்திக்கொண்டிருந்தார். நாய் அவரோடு நின்ற இடத்திலேயே நின்றது. அது ஒரு தப்பும் செய்யவில்லை.

"எங்கிட்ட இருக்கறாளுங்க," என்றேன். வடை இன்னும் என் கையிலேயே இருந்தது.

பிறந்ததிலிருந்து அவளுக்கு ஒவ்வொரு வாய் சோற்றையும் நான் 'இந்தா சாமி' என்று சொல்லித்தான் ஊட்டியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைச் சாமி என்று கூப்பிடாமல் வேறெப்படிக் கூப்பிடுவது? காப்பித் தோட்டப் பாதையில் அத்தனை முறை சொன்னபோதும் அந்த வார்த்தை எனக்கு நாயின் வார்த்தையாக மட்டுமே கேட்டிருந்தது.

"நல்லாருக்குதுங்க அம்மிணி," என்றார் அக்கா. "நாயிக்குப் பாடம் நடத்திப்போட்டுப் புள்ளய உட்டுட்டீங்க."

அன்று மாலை, வேண்டாம், நான் வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன்.

"நாய் திரும்புச்சா?" என்று அவர் கேட்டார்.

"இல்லீங்க."

"நான் தடுமாறினனா?"

"இல்லீங்க."

"அப்ப மிச்சம் பாப்பா மட்டுந்தான. நாயிக்கே சொல்லிக்குடுத்தோம், பெத்த புள்ளைக்குச் சொல்லிக்குடுக்க மாட்டமா அம்மிணி?"

அதே பாதை, அதே வடை, அதே வார்த்தை. பெற்ற பிள்ளையை நாயைப் பழக்குவதுபோலப் பழக்குகிறோமே என்று எனக்குக் கூசியது. அவளுக்குக் கூசவில்லை. "அப்பா கையப் புடிச்சிருந்தா நீயும் வேலையில இருக்கற சாமி" என்று அவர் ஒருமுறை சொன்னார். அவள் அதை மிகவும் மதிப்பாக எடுத்துக்கொண்டாள். விரலுக்குப் பதிலாக அவருடைய மணிக்கட்டில் ஒரு துணிவளையம் கட்டி, அதில் அவளுடைய கையை நுழைத்தோம். அது யாருடைய நிம்மதிக்கு என்று அவர் கேட்கவில்லை.

பள்ளி திறந்த அன்று பனி மூட்டமாக இருந்தது. மூவரையும் கதவருகே வழியனுப்பிவிட்டு, பஸ் ஸ்டாப்புக்குப் போகாமல் அவர்களுக்குப் பின்னாலேயே சத்தமில்லாமல் நடந்தேன். வடைக்கடை வாசலில் யாரோ ஒருவருடைய பிள்ளை புதுச் சீருடையில் நின்றிருந்தது. அக்கா அதனிடம் ஒரு வடையை நீட்டினார்.

"இந்தா சாமி."

கத்தினால் திரும்பிவிடுவாள், கத்தக் கூடாது. மகளின் தலை அசைந்தது. வடையின் பக்கம் அல்ல. அவள் முதலில் நாயைப் பார்த்தாள். அது நேராகப் போய்க்கொண்டிருந்தது. அவளும் முகத்தை முன்னால் திருப்பிக்கொண்டாள்.

வளைவில் பனிக்குள் மூவரும் மறையும்வரை அங்கேயே நின்றேன். கரடியூர் பஸ் என்னை விட்டுவிட்டுப் போனதை அப்புறம்தான் கவனித்தேன்.