இலைக்கு இரண்டு பெயர்

கூரியர்காரர்கள் மலை ஏற மாட்டார்கள். கள்ளக்குறிச்சியில் ஏதாவது ஒரு கடையில் இறக்கிவைத்துவிட்டுப் போன் செய்வார்கள். அங்கிருந்து மலை பஸ்ஸில் யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். அப்படித்தான் என் மகளின் ஒன்றாம் வகுப்பு மொத்தமும் ஓர் அட்டைப் பெட்டிக்குள் அடங்கி, உர மூட்டைகளுக்கு நடுவில் நசுங்கி, மலைமேல் இருக்கிற கரியாலூருக்கு வந்து இறங்கியது. "இன்னாம்மா இது, மிக்ஸியா?" என்று கண்டக்டர் கேட்டார். "ஸ்கூலு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு விசில் ஊதினார்.

எதற்கு இந்த வேலை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகள் கள்ளக்குறிச்சியில் யூகேஜி படித்த வருடம் முழுவதும் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் விடிந்ததிலிருந்து தூங்கும்வரை ஓயாத வாய். பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் பூட்டு விழுந்துவிடும். மிஸ் ஏதாவது கேட்டால் தன் காலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். டாக்டரிடம் காட்டினோம். காதில் குறையில்லை, நாக்கில் குறையில்லை, போகப்போகச் சரியாகிவிடும் என்றார். பள்ளிக்கூடத்துக்கு அவ்வளவு பொறுமை இல்லை. "பேச ஆரம்பிச்சப்புறம் கூட்டிக்கினு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து என் கணவருக்குக் கரியாலூருக்கு மாற்றல் வந்தது. மாட்டாஸ்பத்திரியில் அவருக்கு வேலை. ஒரு வருடம் மலையில் வைத்து நானே சொல்லிக்கொடுப்பது, அடுத்த ஜூனில் கீழே வேறொரு பள்ளியில் கேட்டுப் பார்ப்பது என்று முடிவுசெய்தோம். எழுத்தும் கணக்கும் எனக்கு இரண்டாம்பட்சம். ஒரு மிஸ் முன்னால் அவள் வாயைத் திறக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

வீட்டுக் கல்விக்குப் பாடப் பெட்டி தேர்ந்தெடுப்பது இருக்கிறதே, கல்யாணத்துக்குப் புடவை எடுப்பதைவிடக் கொடுமை. போனில் விரித்து விரித்துக் காட்டுவார்கள், தொட்டுப் பார்க்க முடியாது. ஒன்று முழுக்க ஆங்கிலம். மாதிரிப் பக்கங்களைக் கள்ளக்குறிச்சியில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தேன். ஜன்னல் வழியாகப் பார், வெளியே பனி கொட்டுகிறதா, இலை சிவந்து உதிர்கிறதா என்று முதல் பக்கத்திலேயே கேள்வி. ஜன்னலுக்கு வெளியே மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றிய லாரி ஒன்று பஞ்சராகி நின்றுகொண்டிருந்தது. இன்னொரு பெட்டிக்காரர்கள் ஏழு வயதுவரை புத்தகமே கூடாது, குழந்தையை வெறுங்காலோடு மண்ணில் நடக்க விடுங்கள் என்றார்கள். செருப்பைப் போடு, செருப்பைப் போடு என்று நாள் முழுக்கத் தொண்டை வற்றக் கத்துகிறவள் நான். வெறுங்காலில் நடப்பதற்கு ஒரு பாடத்திட்டம் வாங்க வேண்டுமா?

கடைசியில் ஒரு தமிழ்ப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தேன். தமிழ்தானே, நம் பிள்ளைக்கு ஒட்டும் என்று நம்பினேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

சின்னச் சின்ன இடைஞ்சல்களை நான் சமாளித்தேன். எண்ணுவதற்குப் பாஸ்தாவை எடுத்துக்கொள் என்றது கையேடு. புளியங்கொட்டையை எடுத்துக்கொண்டேன். அரிசியில் சாயம் ஊற்றிக் காயவைத்து, குழந்தையை அதில் கைவிட்டு அளையச் சொல் என்றது. சோறாகிற அரிசியில் சாயம் கலக்க எனக்குக் கை வரவில்லை. ஓடையிலிருந்து மணல் கொண்டுவந்து சலித்துக் கொட்டினேன். தீயணைப்பு வண்டி, மெட்ரோ ரயில், லிப்ட் படங்கள் எல்லாவற்றின் மேலும் காகிதம் ஒட்டி, கடுக்காய் மூட்டை, பலாப்பழம், மலை பஸ் என்று வரைந்தேன். என் பலாப்பழத்தைப் பார்த்து மகள், "முள்ளம்பன்றி" என்றாள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாமல் போனது எழுத்து அட்டைகளில்தான்.

அந்தப் பெட்டியின் முறை இது. உயிரெழுத்துகளைத் தரையில் வரிசையாகப் பரப்ப வேண்டும். படத்தைக் காட்ட வேண்டும். நாம் பெயரைச் சொல்லக் கூடாது. குழந்தையே பெயரைச் சொல்லி, அதன் முதல் சத்தம் என்ன என்று தன் காதால் கேட்டு, அந்த எழுத்தின் கீழே படத்தை வைக்க வேண்டும். மனப்பாடமே கிடையாது. கையேட்டில் படித்தபோது எனக்கே புல்லரித்தது.

அணிலை அ-வின் கீழே வைத்தாள். ஆட்டை ஆ-வின் கீழே வைத்தாள். அடுத்து இலைப் படம். கொஞ்சமும் யோசிக்காமல் கொண்டுபோய் எ-வின் கீழே வைத்தாள்.

"அது இல்ல பாப்பா. நல்லா பாரு. இது இன்னா?"

"எலை."

"இலை."

"எலைதாம்மா. எ, எ, எலை."

அடுத்து உதட்டின் படம். அதை ஒ-வின் கீழே வைத்தாள். ஒதடு. இறகு எ-வின் கீழே போயிற்று. எறகு. கையேட்டின் பின்பக்கம் விடை இருந்தது. அதன்படி எல்லாம் தப்பு. கையேட்டின் முன்பக்கம் முறை இருந்தது. அதன்படி எல்லாம் சரி. நானே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நான் பிறந்ததிலிருந்து எலை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊரில் மட்டுமில்லை, டிவியில் சமையல் சொல்கிற அம்மாள்கூட வாழையெலை என்றுதான் சொல்கிறார். எழுதும்போது மட்டும் கை தானாக இ போடுகிறது. எனக்கு இதை யாரும் விளக்கிச் சொன்னதில்லை, தப்பாக எழுதியபோது குட்டினார்கள், அவ்வளவுதான்.

பெட்டி விற்றவர்களுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் மிகவும் கனிவாகப் பேசினார். "வீட்டுல நீங்க கொச்சையா பேசுறதாலதான் மேடம். பெரியவங்க எல்லாரும் சரியான உச்சரிப்போட பேசிப் பாருங்க, குழந்தை தானா மாறிடுவா" என்றார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் பிள்ளைக்காக எதையும் செய்து பார்ப்போம் என்கிற புத்தி இருக்கிறதே, அது மானங்கெட்டது. அன்றிலிருந்து வீட்டில் அச்சுத் தமிழ் பேசுவது என்று சட்டம் போட்டேன்.

முதல் நாள் தமாஷாக இருந்தது. "இன்னா சோறு?" என்று கேட்டபடி வந்த கணவரை வாசலிலேயே நிறுத்தித் திருத்தினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, "அம்மையே, உணவு தயாராகிவிட்டதா?" என்றார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்கடுத்த நாள்களில் அவளையும் திருத்தத் தொடங்கினேன். எடம் இல்லை, இடம். வெறகு இல்லை, விறகு. கொடை இல்லை, குடை. ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு தடவை அவளை நிறுத்தினேன். வாக்கியங்கள் சின்னதாகிக்கொண்டே வந்தன. ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. சாப்பிட உட்கார்ந்தவளுக்கு விக்கல் எடுத்தது. தண்ணீர் வேண்டும் என்று கேட்கவில்லை. சொம்பைக் கையால் காட்டினாள்.

பள்ளிக்கூடத்தில் விழுந்த பூட்டு இப்போது என் சமையலறையில் விழுந்திருந்தது. கணவர் தட்டைப் பார்த்தபடியே, "வூட்டையே ஸ்கூலாக்கிட்ட" என்றார். "ஏன், நீங்க வந்து சொல்லிக்குடுக்கறதுதானே? மாட்டுக்கு ஊசி போடற மாதிரி ஈஸியான்னு பாக்கலாம்" என்று எரிந்து விழுந்தேன். அவர் கை கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருக்குப் போக ஓர் இடம் இருந்தது, எந்த நேரமும் யாராவது ஒருவருடைய பசுவுக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கும்.

மறுநாள் அட்டைகளைப் பரப்பிவைத்துக் கூப்பிட்டேன். வரவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டேன். ஆத்திரத்தில் மூன்றாம் முறை அவளுடைய முழுப் பெயரைச் சொல்லிக் கத்தினேன். வாசற்படியில் உட்கார்ந்திருந்தவள் திரும்பாமலே பதில் சொன்னாள்.

"அது ஸ்கூல் பேரு. வூட்ல நான் பாப்பாதான்."

சில நாள்களுக்குப் பிறகு அவள் பேசிய முழு வாக்கியம் அது. அவள் பேசிவிட்டாள் என்பதே எனக்குப் பெரிதாக இருந்ததால், சொன்னதன் அர்த்தம் மெதுவாகத்தான் உறைத்தது. இலைப் படத்தை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இதுக்கும் அப்படித்தான் பாப்பா. வூட்டுப் பேரு எலை. ஸ்கூல் பேரு இலை."

படத்தைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ரெட்டப் பேரா இதுக்கு?" என்றாள். ஆமாம் என்றேன். எழுந்துபோய் அதை இ-யின் கீழே வைத்தாள்.

இத்தோடு கஷ்டம் தீர்ந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். தீரவில்லை. அவள் கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் ஸ்கூல் பெயர் வைக்கத் தொடங்கினாள். எலி, இலியாயிற்று. எறும்பு, இறும்பாயிற்று. சாயங்காலம் திரும்பிவந்த அப்பாவிடம், "இருமை கன்னு போட்டுச்சாப்பா?" என்று கேட்டாள். "யாருக்கு இருமல்?" என்றார் அவர். எலிக்கு ஒற்றைப் பெயர்தான், எருமைக்கும் ஒற்றைப் பெயர்தான் என்று சொன்னால், "ஏம்மா?" என்று கேட்டாள். ஏன் என்று எனக்கு எப்படித் தெரியும்? பன்னிரண்டாம் வகுப்பில் தமிழில் நான் வாங்கிய மார்க்குக்கு மாலை போட்டார்கள். அந்தத் தமிழில் இதற்குப் பதில் இல்லை. கையேட்டில் இல்லை. போனில் பேசிய கனிவான பெண்ணிடமும் இல்லை. முதல் முறையாக ஒரு குழந்தை தமிழ் படிக்கிறதா என்ன? இத்தனை பேர் இத்தனை அட்டை அச்சடிக்கிறார்களே, ஒருவர் காதிலுமா இது விழவில்லை? கோபத்தில் அந்த அட்டைகளை அப்படியே அள்ளிப் பரணில் போட்டேன்.

பிறகு நானே செய்தேன். வாயிலும் எழுத்திலும் ஒரே பெயராக இருக்கிற சாமான்களைத் தேடி வீட்டைக் குடைந்தேன். இ-க்கு இஞ்சி. உ-வுக்கு உப்பு, உளுந்து. எ-வுக்கு எலி, வேறு வழியில்லை. கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தை வெட்டி வரைந்தேன். ஒற்றைப் பெயர்கள் நன்றாகப் படிந்த பிறகுதான் இரட்டைப் பெயர்களைக் கண்ணில் காட்டினேன். இதற்கே மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்துவிட்டது. அவள் படித்தாள். முக்கியமாக, பேசினாள். விடாமல் பேசினாள். ஆனால் என்னிடம், அவள் அப்பாவிடம், பஸ் கண்டக்டரிடம். மிஸ் என்று ஒருத்தர் எதிரில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை வீட்டிலேயே வைத்துப் பார்க்க முடியாதே.

ஜூனில் கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்குப் போனோம். தலைமை மிஸ்ஸின் அறை. நான் எதையும் மறைக்கவில்லை. "புது எடத்துல பேசறதுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கும் மிஸ்" என்றேன். அவர் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். யானை. காலைப் பார்த்தாள். பேருந்து. காலைப் பார்த்தாள். நான் மேசைக்கடியில் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். வியர்த்திருந்தது. எழுதச் சொன்னார். தன் பெயரைப் பிழையில்லாமல் எழுதினாள். "எழுதுது. ஆனா வாயே தொறக்கலயே" என்று அவர் படங்களை அடுக்கி உறைக்குள் போட்டார். ஒரு வருடத்து உழைப்பு, அத்தனை கத்தல், அத்தனை கத்தரிக்கோல் வேலை எல்லாம் அந்த உறைக்குள் போய்விட்டது போல இருந்தது.

"கோச்சிக்காதீங்கம்மா. இருக்கற பசங்களே ஜாஸ்தி. எடம் இல்ல" என்றார்.

நான் எழுந்துகொள்ளப் போனேன்.

"மிஸ், எடம் வூட்டுப் பேரு" என்றாள் என் மகள். "இது ஸ்கூலு. இங்க இடம்னுதான் சொல்லணும்."

குரல் சின்னதுதான். ஆனால் தலையை நிமிர்த்தி, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அந்த அம்மாள் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பேசாதுன்னீங்க?"

"இப்பதான் பேசுது மிஸ்" என்றேன்.

"நல்லா பேசுது. மொதல்ல பெரியவங்ககிட்ட எப்படிப் பேசணும்னு கத்துக்குடுங்க" என்று மணியை அழுத்தி அடுத்த ஆளை வரச் சொன்னார்.

வெளியே வந்து கணவருக்குப் போன் செய்தேன். சேத்துக்கினாங்களா என்று கேட்டார்.

"எங்க சேத்துக்கறது? பேசலன்னு ஒரு ஸ்கூல்ல தொரத்தினாங்க. பேசிட்டான்னு இந்த ஸ்கூல்ல தொரத்திட்டாங்க. இவங்களுக்கு இன்னாதான் வேணுமாம்?"



"பேசிச்சா?" என்றார். "மிஸ்கிட்டயா?"

"ஆமா."

"போனை அதுகிட்ட குடு" என்றார்.