பாலத்தின் மேல் நாரை அரசி

எங்கள் என்கார்னாசியோனில் வெளிநாடு என்பது ஆற்றின் எதிர்க்கரை. வெங்காயம் அங்கே மலிவு என்றால் நாங்கள் அர்ஜென்டினா போவோம். டயர் இங்கே மலிவு என்றால் அவர்கள் பராகுவே வருவார்கள். அதனால் பக்கத்து வீட்டு சூனில்டா ஒரு நாள், "வெளிநாட்டுக்குப் போறேன்" என்று சொன்னபோது, என்ன வாங்க என்றுதான் கேட்டேன்.

"வாங்குறதுக்கு இல்ல. மேடையில நிக்கிறதுக்கு" என்றாள். "எதிர்க்கரை பொசாதாசில காஸ்ப்ளே விழா நடக்குது. கார்ட்டூன்ல வர்றவங்க மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு எல்லாரும் வருவாங்களாம்."

சூனில்டாவுக்கு நாற்பத்தாறு வயது. சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடுகிறவள். அவளிடம் ஊசி போட்டுக்கொண்ட குழந்தை அழத் தொடங்குவதற்குள் ஊசி குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும். மாலை நேரங்களில் அவளுக்கு இன்னொரு வேலை உண்டு. அக்டோபர் பிறந்தால் அவள் வீடு முழுக்க இறகு. பிப்ரவரியில் வரும் கார்னிவலுக்காக, ஊர் ஆட்டக்குழுவின் பெண்கள் முதுகில் மாட்டிக்கொள்ளும் சிறகுகளை அவள்தான் செய்து தருவாள். அந்த மாதங்களில் அவள் வீட்டுச் சூப்பில்கூட ஓர் இறகு மிதக்கும், யாரும் பொருட்படுத்துவதில்லை.

இருபது ஆண்டுகளுக்கு மேல் செய்திருக்கிறாள். ஒருமுறைகூட அணிந்ததில்லை. இளவயதில் கேட்டபோது உயரம் போதாது என்றார்கள். பிறகு கேட்டபோது வயது கூடிவிட்டது என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் சரியான காலம் ஒன்று இருந்திருக்க வேண்டும். அது எப்போது வந்து போனதென்று குழுவில் யாருக்கும் தெரியவில்லை. ஊர்வலத்தன்று அவள் தடுப்புக் கம்பிக்குப் பின்னால், உதிரும் இறகை ஒட்டுவதற்காகப் பசைத் துப்பாக்கியுடன் நிற்பாள். அவள் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. ஆனால் தன் கைவேலை அடுத்தவள் முதுகில் ஏறிப் போவதை அவள் பார்க்கும் பார்வையை நான் பார்த்திருக்கிறேன்.

காஸ்ப்ளே விழாவின் விதிகளில் ஒன்று அவளைப் பிடித்துக்கொண்டது: செய்தவரே அணிய வேண்டும். வயதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

சிறுவயதில், ஆன்டெனாவைத் திருப்பி வைத்தால் எதிர்க்கரைத் தொலைக்காட்சி எங்கள் வீடுகளில் தெரியும். அதில் வந்த ஒரு சித்திரத் தொடரில் நாரை அரசி என்றொருத்தி இருந்தாள். அதிகம் பேசமாட்டாள், சிறகை விரிப்பாள், கதை முடிந்துவிடும். சூனில்டா அவளைத்தான் தேர்ந்தெடுத்தாள்.

இங்கேதான் அவள் தவறு செய்தாள். எங்கள் ஊர்க்காரர் எவரும் செய்யக்கூடிய தவறு. எதிர்க்கரையில் மூன்று சட்டை வாங்கினால் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வருவோம். செருப்பு வாங்கினால் சாக்கடை ஓரத்தில் தேய்த்து அழுக்காக்கிக்கொண்டு வருவோம். பையில் இருந்தால் சரக்கு, உடம்பில் இருந்தால் துணி. சுங்கத்தைப் பற்றி நாங்கள் அறிந்ததெல்லாம் இவ்வளவுதான். வழக்கமாக அவள் சிறகுகளில் ஒவ்வோர் இறகையும் கழற்றி மாட்டலாம். இந்தச் சிறகில் அப்படிச் செய்தால், விற்கக் கொண்டுபோகிறாள் என்று பிடித்துக்கொள்வார்கள் என நினைத்தாள். ஆகவே எல்லா இறகுகளையும் அலுமினியச் சட்டத்தில் ரிவெட் அடித்து, மேலே பசை ஊற்றி, ஒரே உடலாக்கிவிட்டாள்.

அவள் கணவனின் தங்கை டெல்மிராவுக்கு அப்போதே சந்தேகம். "அண்ணி, இது வாசல்ல நுழையுமா?"

"எந்த வாசல்ல?"

"ஏதாவது ஒரு வாசல்ல."

"நடுத்தெருவுல போறதுக்குச் செஞ்சே பழகிட்டேன்டி. வாசலைப் பத்தி யாரு யோசிச்சா?"

சனிக்கிழமை மதியம் அவர்கள் இருவரும் நானும் கிளம்பினோம். தெரெரே என்னும் எங்கள் குளிர்ந்த மூலிகைத் தேநீருக்கான குடுவையையும் ஐஸ் தண்ணீரையும் தூக்க என்னை அழைத்திருந்தார்கள். நாலு மணிக்கு மேல் மேடைக்குப் பெயர் எடுக்கமாட்டார்கள். தலையில் கிரீடம், வெள்ளை உடை, அலுமினிய மூடிகளை வெட்டிச் செய்த மார்புக் கவசம், முதுகில் சிறகு என்று சூனில்டா தெருவில் நடந்தபோது நாய்கள் குரைக்க மறந்து உட்கார்ந்தன. பாலத்தைக் கடக்கும் ரயிலுக்காக நிலையத்துக்குப் போனோம்.

நிலையத்தின் திருகுவாயில் ஓர் ஆள் அகலம். சிறகு மூன்று ஆள் அகலம். சூனில்டா நேராக முயன்றாள், பக்கவாட்டில் முயன்றாள். பின்னால் வரிசை நீண்டது.

"ஏம்மா, அதைக் கழட்டி அந்தப் பக்கம் தூக்கிக் குடுத்துட்டு வாங்களேன்" என்றார் வாயிலில் இருந்த அதிகாரி.

"கழட்டலாமா சார்?"

அவர் யோசித்தார். "கழட்டினா அது சரக்கு. சரக்குன்னா ஸ்கேனருக்குள்ள போகணும்." ஸ்கேனரின் வாயைப் பார்த்தார். அதில் ஒரு பெட்டி போகும். "அதுல போகாது."

"அப்ப போட்டுக்கிட்டே போறேன்."

"போட்டுக்கிட்டா துணி. துணின்னா இந்த வாயில் வழியாத்தான் போகணும்."

"இதுல போகாதே சார்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

எல்லை என்பது ஆளையும் பொருளையும் தனித்தனியாகப் பிரித்து அனுப்பும் இடம். அன்று வந்தவள் பிரிக்க முடியாதபடி தன்னை ஒட்டிக்கொண்டு வந்திருந்தாள். அந்த அதிகாரியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரயில் போய்விட்டது.

சூனில்டா வெளியே வந்து நடைபாதை ஓரத்தில் நின்றாள். உட்காரவும் முடியாது, சிறகு தரையில் மோதும். நான் தெரெரே ஊற்றிக் கொடுத்தேன். உறிஞ்சிவிட்டுக் குடுவையைத் திருப்பித் தந்தாள். நன்றி சொல்லவில்லை; எங்கள் வழக்கத்தில் நன்றி என்றால் போதும், சொல்லாவிட்டால் இன்னும் வேண்டும்.

"திரும்பிப் போயிடலாமா அண்ணி?" டெல்மிரா மெல்லக் கேட்டாள்.

"இருபது வருஷமா கம்பிக்குப் பின்னால நின்னாச்சு. இன்னிக்கும் ஒரு கம்பிக்கு முன்னாலேயே திரும்பிப் போகச் சொல்றியா?"

டெல்மிரா பாலத்துக்கு ஏறும் சாலைக்கு நடந்தாள். பாலத்தின் மேல் கால்நடையாகப் போக விடமாட்டார்கள். ஆனால் சனிக்கிழமை வாகன வரிசை, ஊருக்குள் வரை வந்து நிற்கும். அவள் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டே போய், பின்புறம் திறந்த ஒரு பழைய வண்டியின் கண்ணாடியைத் தட்டினாள். உள்ளே இருந்தவர் பொசாதாஸ்காரர், பெயர் வால்டெமார்.

"அண்ணே, பின்னாடி காலியாத்தானே இருக்கு? எங்க அண்ணியை ஏத்திக்கிட்டுப் போறீங்களா?"

வால்டெமார் திரும்பி நாரை அரசியைப் பார்த்தார். "இன்னிக்கு வேணாம்மா. இன்னிக்கு நான் யார் கண்ணுலயும் படாமப் போகணும்."

டெல்மிரா குனிந்து சக்கரங்களைப் பார்த்தாள். நான்கிலும் சேறு அப்பியிருந்தது. மழை பெய்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

"டயர் புதுசா அண்ணே?"

அவர் கண்ணாடியை ஏற்றப் பார்த்தார்.

"சேத்தை உள்பக்கம் பூசாம விட்டுட்டீங்களே. முடி மாதிரி ரப்பர் நீட்டிக்கிட்டு நிக்குது. நான் பாத்த மாதிரிதானே அவங்களும் குனிஞ்சு பாப்பாங்க?"

"பயமுறுத்துறியா?"

"இல்லண்ணே. மேல இப்படி ஒண்ணு நிக்கும்போது கீழ எவன் குனிவான்னு கேக்குறேன்."

வால்டெமார் ஸ்டியரிங்கில் விரலைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "ஏறுங்க. இறகு என் பெயின்ட்டைக் கீறக் கூடாது" என்றார். அந்த வண்டியில் கீறுவதற்குப் பெயின்ட் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

நானும் டெல்மிராவும் முன்னே ஏறிக்கொண்டோம். சூனில்டா பின்னால் நின்றாள். பாலம் உயர்ந்ததும் ஆற்றுக் காற்று வந்தது. சிறகு புடைத்தது, அவள் கேபினின் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ரிவெட் அடித்ததெல்லாம் அப்போதுதான் உதவியது. கழற்றி மாட்டும் இறகாக இருந்தால் பாதி கீழே பரானா ஆற்றில் மிதந்திருக்கும்.

வரிசை ஊர்ந்தது. முதலில் ஒரு பேருந்துக்காரன் ஹாரன் அடித்தான். அடுத்தவனும் அடித்தான். வெயிலில் அலுத்துக் கிடந்தவர்கள் கதவைத் திறந்து இறங்கினார்கள். எங்கள் ஊர்க்காரன் ஒருவன் காரின் கூரையில் கார்னிவல் தாளத்தைத் தட்டத் தொடங்கினான். கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் தகரம் முழங்கியது.

"ஏ அக்கா, எந்தக் குழு?" என்று யாரோ ஒருவன் கத்தினான்.

"என் குழுதான்" என்றாள் சூனில்டா.

அவள் திரும்பினாள். கார்னிவலில் சிறகணிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள்: சுழன்று முதுகைக் காட்டுவார்கள், வேலையெல்லாம் அங்கேதான் இருக்கும். ஓடும் வண்டியில், கம்பியை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு அவள் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றினாள். நான் கண்ணாடி வழியாக அவள் முகத்தைப் பார்த்தேன். எதையும் எளிதில் அழகு என்று சொல்பவன் அல்ல நான். அன்று சொன்னேன். டெல்மிரா, "அதை இறங்கி அவங்ககிட்டச் சொல்லுங்க" என்றாள்.

எதிர்க்கரைச் சாவடியில் இளம் அதிகாரி ஒருத்தி வந்தாள். மேலே பார்த்தாள். மற்ற சாவடிகளில் இருந்தவர்களையும் கூப்பிட்டாள். "அடையாள அட்டையில இருக்கிறது நீங்கதானா?"

"கிரீடத்தைக் கழட்டிக் காட்டட்டுமா?"

"வேணாம், வேணாம். நாரை அரசிதானே? எங்க அம்மா அந்தத் தொடரைப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பாங்க. சிறகை ஒரு தடவை விரிங்க, போட்டோ எடுத்துக்கிறேன்."

"விரிஞ்சுதாம்மா இருக்கு. மடக்கத்தான் தெரியாது."

யாரும் குனியவில்லை. சாவடியைக் கடந்ததும் வால்டெமார் சட்டைக்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அரங்க வாசல் வரை கொண்டுவிட்டார். பெயர் எடுக்கும் மேசையை மடிக்கப்போகும் நேரத்தில் சூனில்டாவின் பெயர் எழுதப்பட்டது.

மேடைக்குப் போகும் திரைவழியும் குறுகலாகவே இருந்தது. அவள் தயங்கவில்லை, உதவியாளர்களிடம் திரையையே அவிழ்க்கச் சொன்னாள். பின்பக்கமாக நடந்து மேடையேறினாள். கூட்டம் முதலில் சிறகை மட்டும் பார்த்தது. பிறகு அவள் திரும்பினாள். பிள்ளைகளோடு வந்திருந்த தாய்மார்கள் பலர் எழுந்து நின்றார்கள்.

பரிசு கிடைக்கவில்லை. நடுவர் பக்கத்தில் வந்து, பசை வழிந்து கட்டியாகியிருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். நியாயமான குறைதான். தெருவின் எதிர்ப்புறத்திலிருந்து பார்ப்பவர்களுக்காகவே வேலை செய்து பழகிய கை அது. சூனில்டா அந்தக் கட்டியை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டாள்.

அக்டோபரில் ஆட்டக்குழுத் தலைவர் எபிஃபானியோ வழக்கம்போல் இறகு மூட்டைகளுடன் அவள் வீட்டுக்கு வந்தார்.

"ஒட்டித் தர்றேன்" என்றாள் சூனில்டா. "ஊர்வலத்துல கடைசி வரிசையில எனக்கு ஓர் இடம் வேணும்."

"அது வந்து சூனில்டா, வயசு..."

"பாலத்துல யாரும் கேக்கல."

குழுவிடம் பேசிச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். இதை எழுதும்வரை பதில் வரவில்லை. சூனில்டா காத்திருக்கவில்லை, தனக்கான சிறகின் சட்டத்தை வளைத்துவிட்டாள். இந்த முறை ஒவ்வோர் இறகும் தனியாகக் கழன்று வரும். பசை எங்கேயும் வழியவில்லை. நேற்று அதைக் காட்டி, "எப்படி இருக்கு?" என்று கேட்டாள். இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருப்பதாகச் சொன்னேன். தாழ்ந்துதான் இருந்தது.