ரோடு ரோலரின் திறன்

எங்கள் அடையாறு அடுக்ககத்தில் லிஃப்ட் கெட்டு ஒரு வாரமாகிறது. மூன்றாவது மாடிக்கு மெதுவாகத்தான் ஏறுகிறேன். பின்னால் வருகிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். என் உடம்பை நான்தான் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன், அவர்கள் யாரும் கை கொடுக்கவில்லை. மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் சாந்தோமில் நான் படித்த பள்ளியின் மாடிப்படிதான் நினைவுக்கு வருகிறது. கடல் காற்றில் பிசுபிசுத்துக் கிடக்கும் கைப்பிடி. படிக்கடியில் உப்பு மிளகாய்த்தூள் தடவிய மாங்காய் வாசனை.

பதினோராம் வகுப்பு. வகுப்பில் எனக்கு ரோடு ரோலர் என்று பெயர். வைத்தவள் எங்கள் ஓட்டக்காரி. பக்கத்துக் குப்பத்திலிருந்து வருவாள், ஒல்லி, கடற்கரை மணலில் ஓடிப் பழகிய கால். வாயும் அதே வேகம். அந்தப் பெயரை எப்படியாவது ஒழிக்க வேண்டும். அந்த வருஷம் எனக்கு வேறு ஆசையே இல்லை.

இயற்பியலில் திறன் நடத்தினார்கள். 'வேலை செய்யப்படும் வீதம் திறன்.' மனப்பாடம் செய்தேன், ஒரு மண்ணும் புரியவில்லை. வகுப்பில் யாருக்கும் புரியவில்லை. மிஸ் சாக்பீஸைக் கீழே வைத்தார். "ரெண்டு பேரு மாடி ஏறுங்க. பார்த்துடலாம்."

எல்லாக் கைகளும் எங்கள் இருவரையும்தான் காட்டின. வேறு யாரைக் காட்டும்?

முதலில் எடை. எடை மிஷினைக் கொண்டுவந்து நடு வராந்தாவில் வைத்தார்கள். அவள் முப்பத்தாறு கிலோ. நான் ஏறியதும் முள் ஓடிக்கொண்டே இருந்தது. அறுபத்தெட்டு. எல்லாரும் சிரித்தார்கள். அந்த மிஷினைத் தூக்கிக் கடலில் எறிந்திருப்பேன், மிஸ் மட்டும் அங்கே இல்லையென்றால்.

"இன்னாடி ரோலர், நீ ஏறி முடிக்கறதுக்குள்ள லஞ்ச் பெல் அடிச்சிடும் போல கீதே?" என்றாள் அவள்.

"வாயை மூடிக்கினு ஓடுடி" என்றேன்.

எட்டு வினாடியில் மேலே போய் நின்றாள். ரிப்பன்கூடக் கலையவில்லை. எனக்குப் பதினாலு.

"யாருக்குப் பவர் ஜாஸ்தி?" என்று மிஸ் கேட்டார். வகுப்பு மொத்தமும் அவள் பெயரைக் கத்தியது.

"கத்தாதீங்க. கணக்குப் போடுங்க. படியோட உயரம் ஏழு மீட்டர்."

நான் பேனாவைத் தொடவில்லை. என் மானம் போனதை நானே எதற்குக் கணக்குப் போட வேண்டும்? அவள் போட்டாள். கிலோவைப் புவியீர்ப்புக்காகப் பத்தால் பெருக்கினாள். அதை உயரத்தால் பெருக்கி, அது வேலை என்றாள். அதை நேரத்தால் வகுத்தாள். நிறுத்தினாள். அடித்துவிட்டு மறுபடியும் போட்டாள். மற்றவர்கள் இன்னும் பாதியில் இருந்தார்கள். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம். எழுந்து நின்றாள்.

"மிஸ், எனக்கு முன்னூத்திப் பதினஞ்சு வாட். இவளுக்கு முன்னூத்தி நாப்பது. இவளுக்குத்தான் மிஸ் ஜாஸ்தி."

அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. அவள் சீக்கிரம் ஏறினாள், ஆனால் தூக்கியது கொஞ்சம். நான் தூக்கியது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதற்கு இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் திறன்.

ஆனால் பெயர் ஒழியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வராந்தா முழுக்க "ரோடு ரோலருக்குப் பவர் ஜாஸ்திடோய்!" என்று ஒரே கூச்சல். முன்னாலாவது எங்கள் வகுப்போடு போயிற்று. இப்போது பள்ளிக்கே தெரிந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஓட்டக்காரிக்கு வேறு எரிச்சல். தோற்றுப் பழக்கமில்லாதவள். "நானும் வெயிட்டு ஏத்திக்கினு ஓடறேன். அப்பப் பாரு" என்றாள். முதுகில் இரண்டு புத்தகப் பை, முன்னால் ஒன்று, கையில் ஒன்று. ஓடினாள். அவள் தோற்பதைப் பார்க்க நானும் பின்னாலேயே ஏறினேன்.

முதல் திருப்பத்திலேயே வேகம் போய்விட்டது. கைப்பிடியைப் பிடித்து இழுத்து இழுத்து ஏறினாள். மேல்படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. எத்தனை வினாடி என்று கேட்கவில்லை. அந்தப் பைகள் எல்லாம் சேர்ந்தாலும் எங்கள் எடை வித்தியாசத்தில் பாதிகூட வராது.

பைகளைக் கழற்றிப் பக்கத்தில் போட்டாள்.

"ஏய், டெய்லி இத்தத் தூக்கிக்கினாடி ஏறிக்கினு கீற நீ?"

"ஆமா. உன்னை மாதிரி கழட்டி வெக்க முடியாது."

கீழேயிருந்து எவளோ "ரோலர் மேல போயிடுச்சுடி!" என்று கத்தினாள். ஓட்டக்காரி கைப்பிடிக்கு மேல் தலையை நீட்டினாள். "எவடி அது? நாலு பையத் தூக்கிக்கினு ஏறி வா, அப்பால பேசு!"

கீழே சத்தம் அடங்கியது. பெல் அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை, நானும் இறங்கவில்லை. அந்தப் படி குறுகல், இருவர் உட்காரப் போதாது. அவள் பைகளை மடியில் அள்ளிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நான் உட்கார்ந்தேன்.